கருந்தூளும் காந்தமும்: நீரிலிருந்து கன உலோகத்தைப் பிரிக்கும் கணக்கு

ஈயம் கலந்த நீரில் ஒரு சிட்டிகை மேக்னடைட் (காந்தத்துக்கு ஒட்டும் கருப்பு இரும்பு ஆக்சைடு) தூளைப் போட்டுக் கலக்கினால் பீக்கர் முழுக்க மை கரைத்ததுபோல் ஆகிவிடும். அரை மணி நேரம் கழித்து பீக்கரின் பக்கவாட்டில் ஒரு நியோடிமியம் காந்தத்தை ஒட்டிவைத்தால், அந்தக் கருமை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடிச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஓரிரு நிமிடத்தில் நீர் தெளிந்துவிடும். தூளோடு ஈயத்தின் பெரும்பகுதியும் போயிருக்கும். பார்க்க அழகான காட்சி. அதில் பொய்யும் இல்லை. ஆனால் இதே வேலையை ஆயிரம் லிட்டர் தொட்டியில் செய்யப் போகிறவர்களுக்கு பீக்கர் சொல்லாமல் விட்ட சில கணக்குகள் உண்டு.

முதலில் இலக்கு எவ்வளவு சிறியது என்பதைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவுகளின்படி ஈயமும் ஆர்சனிக்கும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு 3, கனிம வடிவப் பாதரசத்துக்கு 6, மொத்தக் குரோமியத்துக்கு 50 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் என்றால் ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதிலும் 10 மில்லிகிராம் ஈயம். ஒரு சாதாரண பாராசிட்டமால் மாத்திரையில் இருக்கும் மருந்தில் ஐம்பதில் ஒரு பங்கு. "99 சதவீதம் நீக்கியது" என்று எங்காவது படித்தால் உடனே தொடக்கச் செறிவைத் தேட வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராமில் தொடங்கி 99 சதவீதம் நீக்கினால் மிச்சம் 1 மில்லிகிராம். அது வரம்பைப்போல் நூறு மடங்கு.

ஆலைக் கழிவுநீரில் உலோகத்தை நீக்கும் பழைய வழி சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்து ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்குவது. மலிவானது, பெரும்பங்கை அதுவே எடுத்துவிடும். கடைசி மிச்சத்தைத்தான் அதனால் துடைக்க முடிவதில்லை. பரப்புக் கவர்தலுக்கு வேலை வருவது அந்த இடத்தில். தூளின் மேற்பரப்பில் உலோக அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது. காந்தம் தூளை நீரிலிருந்து வெளியே எடுக்கிறது. இவை இரண்டும் தனித்தனி வேலைகள். காந்தம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஈயமும் காட்மியமும் காந்தத்துக்கு அசையாதவை.

எது எதோடு ஒட்டும்

மேக்னடைட்டின் மேற்பரப்பு நீரில் ஹைட்ராக்சில் குழுக்களால் மூடியிருக்கும். பிஎச் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை இருக்கும்போது மேற்பரப்பின் நிகர மின்சுமை சுழியம். அதற்குக் கீழே நேர்மின்சுமை, மேலே எதிர்மின்சுமை. ஆர்சனேட், குரோமேட் போன்றவை எதிரயனிகள் என்பதால் அமிலப் பக்கத்தில் நன்றாக ஒட்டும். ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல் ஆகியவை நேரயனிகள். பிஎச் 5-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனியே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே "கன உலோகங்கள் அனைத்தையும் நீக்கும் தூள்" என்று ஒரே நீரில், ஒரே பிஎச்சில், ஒரே தூளால் சாதிப்பது நடக்கிற காரியம் இல்லை.

ஆறு இணைதிறக் குரோமியத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது பிஎச் 2 முதல் 3 வரை சிறப்பாகக் கவரப்படும். அதே அமிலத்தில் மேக்னடைட் கரையவும் தொடங்கும். குரோமியம் போய் இரும்பு வந்துவிடும். மேக்னடைட்டில் உள்ள ஃபெரஸ் இரும்பு (இரண்டு இணைதிற வடிவம்; மூன்று இணைதிற வடிவம் ஃபெரிக்), ஆறு இணைதிறக் குரோமியத்தை மூன்று இணைதிற வடிவமாக ஒடுக்கவும் செய்கிறது. நச்சு குறைவதால் இது நல்ல செய்தி. ஆனால் அந்த வினையில் தூளின் மேற்பரப்பே ஆக்சிஜனேற்றமடைந்து, குரோமியம் ஹைட்ராக்சைடு படலத்தோடு சேர்ந்து மேலோடு கட்டிவிடும். உள்ளே இருக்கும் இரும்பு அதன்பின் பயன்படாது. முதல் சுற்றில் பிரமாதமாக உழைத்த தூள் மூன்றாம் சுற்றில் படுத்துக்கொள்வதற்கு இது வழக்கமான காரணம்.

ஆர்சனிக்கிலும் வடிவம் முக்கியம். காற்றுப்படாத நிலத்தடி நீரில் அது பெரும்பாலும் மூன்று இணைதிற வடிவில் இருக்கும். பிஎச் 9 வரை மின்சுமையற்ற மூலக்கூறு என்பதால் மின்னீர்ப்பு அதற்கு உதவாது. குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றி ஒன்றால் ஐந்து இணைதிற வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு தூளைச் சேர்ப்பதே வழக்கம். நீரில் பாஸ்பேட் இருந்தால் இன்னொரு தொல்லை: பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வடிவத்தில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் அதே இடத்துக்குத்தான் வரும்.

வெறும் மேக்னடைட் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும். குறிப்பிட்ட உலோகத்தை இழுக்க மேற்பரப்பில் கொக்கி மாட்ட வேண்டும். பாதரசத்துக்குக் கந்தகம் உள்ள தயால் குழு, தாமிரத்துக்கு அமீன், ஈயம், காட்மியத்துக்குக் கார்பாக்சில் அல்லது ஈடிடிஏ (உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சேர்மம்) வகை. கொக்கி மாட்டுவதற்கு முன் தூளின்மேல் மெல்லிய சிலிக்கா உறை போடுவார்கள். அது அமிலத்திலிருந்து இரும்பைக் காக்கும், ஆனால் காரத்தில் சிலிக்காவே கரையும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூச்சு மலிவு, அமீன் குழு இயல்பாகவே உண்டு. குறுக்குப் பிணைப்பு போடாவிட்டால் அமிலக் கழுவலில் கூழாகிப் போய்விடும். உயிர்க்கரியோடு இரும்பு உப்பைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் காந்தக் கரியும் உண்டு. விலைக்கு அது நல்லது. ஒவ்வொரு சூட்டுக்கும் குணம் மாறுவதால் தொகுதிக்குத் தொகுதி சோதித்தாக வேண்டும்.

தூள் தயாரிப்பு

இணைவீழ்படிவு முறை எளியது. நைட்ரஜன் ஊதிக் காற்றை வெளியேற்றிய 200 மில்லிலிட்டர் நீரில் 5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டையும் 2 கிராம் ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட்டையும் கரைக்க வேண்டும். ஃபெரிக் இரண்டு பங்கு, ஃபெரஸ் ஒரு பங்கு என்ற மோல் விகிதம் இதில் வந்துவிடுகிறது. 60 முதல் 80 டிகிரி சூட்டில் வேகமாகக் கலக்கியபடி 25 சதவீத அம்மோனியாக் கரைசலை விட வேண்டும். வினைக்குத் தேவையானது ஏறத்தாழ 6 மில்லிலிட்டர். பிஎச் 10-ல் நிற்க அதன் இரு மடங்கு விடுவது வழக்கம். ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே கருத்துப்போகும். அரை மணி நேரம் சூட்டில் வைத்திருந்து ஆறவிட்டு, காந்தத்தால் ஒதுக்கி, கழுவு நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். இழப்பே இல்லாவிட்டால் 2.3 கிராம் மேக்னடைட் கிடைக்கும்.

கருப்புக்குப் பதில் பழுப்பு வந்தால் முதலில் ஃபெரஸ் உப்பைச் சந்தேகியுங்கள். திறந்து பலநாள் கிடந்த புட்டியில் இளம்பச்சைப் படிகங்களின் ஓரம் துருநிறமாகியிருக்கும். அதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஃபெரிக் ஆகிவிட்டது, விகிதம் கெட்டுவிட்டது. காற்று புகுந்தாலும் இதே கதை. லேசான பழுப்பு மேக்ஹீமைட்டாக (மேக்னடைட் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவம்) இருந்தால் பாதகமில்லை, அதுவும் காந்தத்துக்கு வரும். காந்தத்துக்கு அசையாத செம்பழுப்புச் சேறு என்றால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அடுத்த தவறு உலர்த்துவது. அடுப்பில் உலர்த்திய தூள் கல்போல் இறுகும். உரலில் இடித்தாலும் பழைய பரப்பு திரும்பாது. நீர்க்குழம்பாகவே மூடிவைப்பது மேல். எவ்வளவு தூள் இருக்கிறது என்று அறிய 10 மில்லிலிட்டர் குழம்பை மட்டும் உலர்த்தி எடைபோட்டால் போதும். அம்மோனியாவைச் சரியாகக் கழுவாவிட்டால் அது சோதனை நீரின் பிஎச்சை உயர்த்திவிடும். தாமிரம் அம்மோனியாவோடு சேர்ந்து கரைந்த நிலையிலேயே நின்றுவிடும் அபாயமும் உண்டு.

ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராம் என்பதன் பொருள்

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கேட்கும் எண், ஒரு கிராம் தூள் அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம் உலோகத்தைப் பிடிக்கும் என்பது. இர்விங் லாங்மியூர் 1918-ல் வெளியிட்ட சமன்பாட்டில் தரவைப் பொருத்தி அந்த எண்ணை எடுக்கிறார்கள். அது தூளின் எல்லா இருக்கையும் நிரம்பிய நிலை. நீரில் உலோகம் ஏராளமாக இருந்தால்தான் அத்தனை இருக்கையும் நிரம்பும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதிகபட்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம், லாங்மியூர் மாறிலி (தூள் உலோகத்தை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதன் அளவு) மில்லிகிராமுக்கு 0.05 லிட்டர் என்று ஒரு தூளை வைத்துக்கொள்வோம். நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஈயம் மிச்சமிருக்கும் சமநிலையில் ஒரு கிராம் தூள் 71 மில்லிகிராம் ஈயத்தைச் சுமக்கும். மிச்சம் 0.01 மில்லிகிராமாக, அதாவது குடிநீர் வரம்பாக, இருக்க வேண்டும் என்றால் அதே தூள் சுமப்பது வெறும் 0.05 மில்லிகிராம்.

லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஈயமுள்ள நீரை 0.01-க்குக் கொண்டுவர 0.09 மில்லிகிராம் நீக்க வேண்டும். 100 என்ற எண்ணை நம்பினால் ஆயிரம் லிட்டருக்கு 0.9 கிராம் தூள் போதும். உண்மையில் தேவைப்படுவது 1.8 கிலோ. இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம்! தூளை ஒப்பிட வேண்டியவர்கள் கொள்ளளவையும் மாறிலியையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். தாழ்ந்த செறிவில் தூளின் பிடிப்பு அதில்தான் தெரியும். கொள்ளளவு 20 மட்டுமே, ஆனால் மாறிலி 5 என்றிருக்கும் தூள் இந்த வேலைக்கு இருபது மடங்கு நல்லது.

இங்கே படுகை வடிகட்டிக்கு, அதாவது துகளைக் குழாயில் நிரப்பி அதன் வழியே நீரை விடும் அமைப்புக்கு, ஓர் இயல்பான சாதகம் உண்டு. காந்தத் தூள் ஆதரவாளர்கள் இதைப் பேசுவதில்லை. தொட்டியில் கலக்கும் தூள் வெளியேறும் நீரின் தாழ்ந்த செறிவோடு சமநிலைக்கு வருகிறது. படுகையின் முகப்பில் இருக்கும் துகளோ உள்ளே வரும் நீரின் உயர்ந்த செறிவைச் சந்திக்கிறது. அதனால் நிறையச் சுமக்கிறது. மேலே சொன்ன அதே தூளைப் படுகையாக வைக்க முடிந்தால், மிகச் சீரான நிலையில் லிட்டருக்கு 0.2 கிராம் போதும். தொட்டியில் 1.8 கிராம்.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரே தடவை போடுவதற்குப் பதிலாக, புதுத் தூளை இரண்டு கட்டமாகப் போட்டால் மொத்தம் 0.86 கிராம். எதிரோட்டமாக, அதாவது இரண்டாம் கட்டத்தில் பயன்பட்ட தூளை முதல் கட்டத்தின் அசுத்த நீருக்கு அனுப்பினால் 0.5 கிராம். தூளைக் காந்தத்தால் எளிதாக எடுத்து இடம் மாற்ற முடியும் என்பதுதான் இந்த முறையின் உண்மையான பலம். அந்தப் பலத்தை ஒற்றைக் கட்டத்தில் வீணடிக்கிறார்கள்.

இதுவும் காய்ச்சி வடித்த தூய நீரில் வரும் கணக்கு. நிஜ நீரில் கால்சியம் லிட்டருக்கு 80 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். ஈயம் 0.05 மில்லிகிராம் என்றால், ஒவ்வோர் ஈய அயனிக்கும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கால்சியம் அயனிகள் வரிசையில் நிற்கின்றன. இலை மக்கிய ஹியூமிக் பொருள் தூளையே போர்த்திவிடும். முலாம் பூசும் ஆலைக் கழிவில் ஈடிடிஏவோ சயனைடோ இருந்தால் உலோகம் அவற்றின் பிடியை விட்டு வராது. முதலில் அவற்றை உடைத்தாக வேண்டும்.

காந்தம் எங்கே தோற்கிறது

பரப்பு வேண்டுமென்றால் துகள் சிறியதாக வேண்டும். 10 நானோமீட்டர் மேக்னடைட் உருண்டைகளின் பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 115 சதுர மீட்டர். 1 மைக்ரோமீட்டர் என்றால் ஒன்றேகால் சதுர மீட்டர்கூட இல்லை. ஆனால் காந்தம் இழுக்கும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் விசை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். தனியாக மிதக்கும் 10 நானோமீட்டர் துகளை நீர் மூலக்கூறுகளின் மோதலே அலைக்கழிக்கும். கைக்காந்தம் அதை அவ்வளவு எளிதில் பிடிக்காது. பீக்கரில் இரண்டு நிமிடத்தில் தெளிந்தது எப்படி என்றால், துகள்கள் ஏற்கெனவே கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தன. 2006-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே அளவுள்ள மிக நுண்ணிய மேக்னடைட் துகள்களைக்கூட எளிய காந்தப்புலத்தில் பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். ஆர்சனிக் நீக்கத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். புலத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கூட்டாக நகர்வதே அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம்.

பிடிப்பதற்குப் புலத்தின் வலிமை மட்டும் போதாது, இடத்துக்கு இடம் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் வேண்டும். காந்தத்தின் ஒட்டுமுகத்தில் பலமாக இருப்பது சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்துவிடும். 100 மில்லிலிட்டர் பீக்கரில் எந்தத் துளியும் காந்தத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. டிரம்மில் நடுப்பகுதி நீருக்குக் காந்தம் இருப்பதே தெரியாது. எனவே தொட்டிக்கு வெளியே காந்தம் வைக்காமல், நீரைக் காந்தத்திடம் கொண்டுபோவார்கள். காந்தச் சுருளுக்குள் துருப்பிடிக்காத எஃகு நாரை அடைத்து அதன் வழியே நீரை விடுவது ஒரு வழி. ஒவ்வொரு நாரின் விளிம்பிலும் புலம் சடாரென மாறுவதால் நுண்துகளும் சிக்கும். கயோலின் களிமண்ணை வெண்மையாக்கும் ஆலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடும் கருவி இது. நார் காந்தத்துக்கு ஒட்டும் வகை எஃகாக இருக்க வேண்டும். பாத்திர வகை எஃகை வாங்கிவந்து அடைத்துவிட்டு ஏன் பிடிக்கவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு.

இன்னொரு வழி துகளைப் பிடிக்காமல் படியவிடுவது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய சிரோஃப்ளாக் முறையில் மைக்ரோமீட்டர் அளவு மேக்னடைட் நீரின் நிறத்தையும் கலங்கலையும் கவர்ந்துகொள்ளும். பிறகு காந்தப்புலத்தைக் கடக்கும்போது துகள்கள் தாமே காந்தங்களாகி ஒன்றோடொன்று ஒட்டி, திரளாகி, விரைவாகக் கீழே இறங்கும். காஸ்டிக் சோடாவால் கழுவித் திரும்பப் பயன்படுத்துவார்கள். அங்கே நீக்கியது உலோகம் இல்லை என்றாலும், பெரிய அளவில் காந்தத் துகளை ஓட்டும் வித்தை அதில் இருக்கிறது. காந்தத்தைப் படிவேகம் கூட்டும் உதவியாளாக மட்டும் வைத்துக்கொள்ளும் இந்த அடக்கம் எனக்கு அதிகம் பிடிக்கிறது.

சோதனையில் ஏமாறும் இடங்கள்

காந்தக் கலக்கியில் வைத்துக் கலக்காதீர்கள். சுழலும் குச்சியே காந்தம். தூள் முழுக்க அதில் மயிர்க்கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும், நீரில் எதுவும் மிஞ்சாது. மேலிருந்து இறங்கும் இயந்திரக் கலக்கியோ குலுக்கியோ தேவை.

தூள் போடாத ஒரு புட்டி அவசியம் பக்கத்தில் ஓட வேண்டும். தாமிரம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள கரைசலில் பிஎச் 6-ஐ நெருங்கும்போதே ஹைட்ராக்சைடு வீழ்படியத் தொடங்கும். அந்தப் புட்டியிலும் செறிவு குறைந்தால், நீங்கள் தூளின் கணக்கில் எழுதியதில் ஒரு பங்கு வீழ்படிவின் வேலை. கண்ணாடிச் சுவரில் ஒட்டும் ஈயமும் இதில் பிடிபடும். பிஎச்சைத் தொடக்கத்தில் மட்டும் அளந்து விட்டுவிடக் கூடாது. நேரயனி ஒட்டும்போது ஹைட்ரஜன் அயனி வெளியேறி பிஎச் தாழும், முடிவிலும் அளக்க வேண்டும்.

மாதிரியைப் பாதுகாக்க நைட்ரிக் அமிலம் விடும் வழக்கம் உண்டு. தூளை முழுதாக நீக்குவதற்கு முன் விட்டால், ஒட்டியிருந்த உலோகம் கழன்று நீருக்கே வந்துவிடும். மறுபக்கம், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து அளந்தால் மட்டும் நீர் சுத்தம் என்று ஆகிவிடாது. காந்தத்துக்குத் தப்பிய துகள் உலோகத்தைச் சுமந்தபடி குடிப்பவரிடம் போகும். வடித்ததையும், வடிக்காமல் அமிலத்தில் செரித்ததையும் இரண்டாக அளந்து, இரும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெளிந்த நீரை வெள்ளைத் தாளின் எதிரே பிடித்தால் மெல்லிய தேநீர் நிறம் தெரிகிறதா? தப்பிய துகளோ கரைந்த இரும்போ இன்னும் அதில் இருக்கிறது.

பிடித்ததை எங்கே வைப்பது

நேரயனிகளை 0.1 மோலார் அமிலத்தால் கழுவி எடுக்கலாம். ஒவ்வொரு கழுவலிலும் மேக்னடைட் கொஞ்சம் கரையும். ஆர்சனேட்டுக்கும் குரோமேட்டுக்கும் 0.1 முதல் 0.5 மோலார் காஸ்டிக் சோடா. ஆயிரம் லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்த உலோகத்தை 2 லிட்டர் கழுவு நீரில் இறக்கினால், அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் நச்சு. இப்போது அதை ஹைட்ராக்சைடாகவோ சல்ஃபைடாகவோ வீழ்படிவாக்கலாம். செறிவு கூடியதால் அந்தப் பழைய முறை இங்கே நன்றாக வேலை செய்யும். ஆறு இணைதிறக் குரோமியம் என்றால் முதலில் பிஎச் 2 முதல் 3-ல் பைசல்ஃபைட்டால் ஒடுக்கி, பிறகு பிஎச் 8 முதல் 9-ல் வீழ்படிவாக்க வேண்டும். கிடைக்கும் சேற்றைப் புதைப்பதற்கு முன் கசிவுச் சோதனை உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனையில் கசிநீரில் ஈயம், ஆர்சனிக், குரோமியம் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 5 மில்லிகிராமையும், காட்மியம் 1, பாதரசம் 0.2 மில்லிகிராமையும் எட்டினால் அது அபாயக் கழிவு.

இவ்வளவு செலவையும் தாங்கி இந்தத் தூள் இன்றே தன் சோற்றைச் சம்பாதிக்கும் இடம் ஒன்று உண்டு, அது பகுப்பாய்வுக்கூடம். செக் நாட்டு ஆய்வாளர்கள் 1999-ல் காந்தத் திண்மப் பிரித்தெடுப்பு என்று இதற்குப் பெயரிட்டார்கள். 500 மில்லிலிட்டர் மாதிரியில் 50 மில்லிகிராம் தூளைக் கலக்கி, காந்தத்தால் ஒதுக்கி, ஒட்டியதை 5 மில்லிலிட்டர் அமிலத்தில் இறக்கினால் செறிவு நூறு மடங்காகும். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயம், உலோகச் செறிவை அளக்கும் சுடர் அணு உறிஞ்சல் கருவியின் கண்ணுக்கே தெரியாது. 100 மைக்ரோகிராமாக வந்தால் தெளிவாக எண் காட்டும். அளவோ அரை லிட்டர். காந்தத்துக்கு எட்டாத தூரம் என்று அதில் எதுவும் இல்லை.